லோபாகின் கையில் சாவிக்கொத்து

ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகம் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் நான் முதலில் தேடுவது லோபாகினைத்தான். கடனில் மூழ்கிய நிலப்பிரபுக் குடும்பத்து ரனேவ்ஸ்கயாவும் அவள் சகோதரன் காயெவும் தங்கள் செர்ரித் தோட்டப் பண்ணையை ஏலத்தில் இழக்க, அதை வாங்கும் வியாபாரி அவன். மேடையில் மரம் இருக்கிறதா, வெறும் கம்பளம்தானா, நடிகர்கள் கோட்டு போட்டிருக்கிறார்களா ஜீன்ஸ் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பண்ணையை ஏலத்தில் எடுப்பவன் யார், அவனுடைய தாத்தா அந்த மண்ணில் என்னவாக இருந்தார் என்பது தெரிந்த பிறகுதான் எனக்கு நாடகமே தொடங்கும். மூன்றாம் அங்கத்தில் ஏலம் முடிந்து திரும்பும் லோபாகின் அதைத் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். அப்பனும் பாட்டனும் அடிமைகளாகக் கிடந்த பண்ணையை, அவர்களைச் சமையலறைக்குள்கூட விடாத பண்ணையைத் தான் வாங்கிவிட்டேன் என்கிறான். சமையலறை வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை எழுத வைத்தது ஒரு பேச்சு. ஜார்ஜோ ஸ்ட்ரெலர் 1974-ல் மிலான் நகரின் பிக்கோலோ தியேட்டருக்காக இயக்கிய தயாரிப்பின் ஒளிப்பதிவை நண்பர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். மேடை முழுக்க வெள்ளை. உடைகள் வெள்ளை, சாமான்கள் வெள்ளை, தலைக்கு மேலே இலைச் சருகுகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய வெள்ளைத் திரை. அது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். பழைய அலமாரி திறந்துகொண்டு பொம்மைகளும் குழந்தைச் சாமான்களும் சரிந்து விழும்போது எங்களில் யாரும் பேசவில்லை. அவ்வளவு அழகு. முடிந்ததும் நான் கேட்டேன், இதில் லோபாகின் எங்கே போனான் என்று. வாழ்நாள் முழுக்க மேடையோடு வாழ்ந்த ஒரு மூத்தவர் சொன்னார்: “தோட்டம் போகுது தம்பி, அதான் நாடகம். வாங்கினவன் யாராயிருந்தா என்ன?” அவர் சொன்னதை லேசாக ஒதுக்க முடியாது. எத்தனையோ நாடகங்களை உள்ளேயிருந்து பார்த்தவர். ஆனாலும் ஏற்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து நாடகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பிறகு வேறு நாடுகளில் அதைத் தழுவி எழுதியவர்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மூத்தவர் பக்கம் இந்த நாடகத்தை முதன்முதலில் மேடையேற்றிய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே நிற்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். செகாவ் லோபாகினை அவர் நடிப்பதற்காகவே எழுதினார். 1903 அக்டோபரில் மனைவி ஓல்கா நிப்பருக்கு எழுதிய கடிதத்தில், லோபாகின்தான் மையப் பாத்திரம், அது தோற்றால் நாடகமே தோற்றுவிடும் என்கிறார். ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில் லோபாகின் வியாபாரிதான், ஆனால் எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன் என்று அழுத்திச் சொல்கிறார். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியோ நிலப்பிரபு காயெவ் வேடத்தை எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவரே தொழிற்சாலை வைத்திருந்த வணிகக் குடும்பத்துப் பிள்ளை. 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கத்தில் மேடையேறியபோது, செகாவ் நகைச்சுவை நாடகம் என்று எழுதிக் கொடுத்தது கண்ணீர் நாடகமாகியிருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கம் நாற்பது நிமிடம் ஓடுகிறது என்று அவர் மனைவிக்கு எழுதிப் புலம்பினார். அந்த வருடம் ஜூலையில் இறந்தும் போனார். அன்றிலிருந்து உலக மேடைகளில் பெரும்பாலும் அழுதுகொண்டே போகிறவர்கள் பக்கம்தான் விளக்கு எரிகிறது.

எழுதியவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதை நினைத்தால் எனக்கு இது பொறுக்க முடியாததாகிறது. செகாவின் தாத்தா ஒரு பண்ணையடிமை. 1841-ல் பணம் கட்டித் தன்னையும் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டார். அதாவது செகாவின் அப்பா அடிமையாகப் பிறந்தவர். கடன் தொல்லையில் அந்தக் குடும்பம் தாகன்ரோக் நகரில் இருந்த வீட்டைப் பறிகொடுத்தபோது செகாவ் பள்ளிச் சிறுவன். ரனேவ்ஸ்கயாவின் கண்ணீரும் அவருக்குத் தெரியும், லோபாகினின் கைநடுக்கமும் தெரியும். இரண்டையும் உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய நாடகம் இது.

லூசியானா முதல் அட்லாண்டா வரை

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இந்த நாடகத்துக்காகவே காத்திருந்த மாதிரியான இடம். பெரிய தோட்ட வீடு, நொடித்துப் போன குடும்பம், ஒரு தலைமுறைக்கு முன்புவரை மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற நிலம். 1950-ல் ஜோஷுவா லோகன் பிராட்வேயில் ‘தி விஸ்டீரியா ட்ரீஸ்’ என்ற தழுவலை மேடையேற்றினார். களம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லூசியானா. ரனேவ்ஸ்கயாவாக ஹெலன் ஹேய்ஸ். செர்ரிக்குப் பதில் விஸ்டீரியாக் கொடிகள். எல்லாமே பொருத்தம், ஒன்றைத் தவிர. லோபாகினின் இடத்தில் நிற்பவர் ஏழ்மையிலிருந்து மேலே வந்த வெள்ளைக்காரர். கறுப்பின நடிகர்கள் இருக்கிறார்கள், வேலைக்காரர்களாக. யாருடைய தாத்தா அந்த நிலத்தில் அடிமையாக இருந்தாரோ அவர்கள் தட்டேந்தி நிற்க, வேறொருவன் வந்து பண்ணையை வாங்கிக்கொண்டு போகிறான். தோட்டம் போகிறது, சரிதான். ஆனால் சமையலறை வாசலில் நின்றவன் இன்னும் அங்கேயே நிற்கிறான். நாடகத்தை எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அதன் எலும்பு தெரியுமோ அங்கே வைத்துவிட்டு, எலும்பை உருவி எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1950-ன் பிராட்வேயில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரக் குடும்பத்தின் நிலத்தை ஏலத்தில் எடுப்பதைக் காட்ட முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. முடிந்திருக்காது என்றால், நாடகத்தின் வேகம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

1973-ல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் எல்லா வேடங்களிலும் கறுப்பின நடிகர்களே நடித்த தயாரிப்பு வந்தது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் லோபாகின், குளோரியா ஃபாஸ்டர் ரனேவ்ஸ்கயா. பெரிய பாத்திரங்கள் தங்களுக்கும் உரியவை என்று நடிகர்கள் எழுந்து நின்ற தருணம் அது. அந்த வகையில் அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இருபக்கமும் ஒரே நிறம் என்றாகிவிட்டபோது, இவர்கள் அவர்களுக்கு அடிமையாக இருந்தார்கள் என்பதைப் பார்வையாளர் வசனத்திலிருந்து மட்டுமே பெற்றுக்கொள்ள வேண்டும்.

லோகன் விட்டதை ரெஜினா டெய்லர் 2009-ல் எடுத்தார். சிகாகோவின் கூட்மன் தியேட்டரில் வந்த அவருடைய ‘மக்னோலியா’ 1963-ன் அட்லாண்டாவில் நடக்கிறது. பண்ணையை வாங்க நிற்கிறவர் கறுப்பினத் தொழில்முனைவர். அந்தக் குடும்பத்தின் நிலத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல். அந்த வருடமும் அந்த ஊரும் சும்மா தேர்ந்தெடுத்தவை அல்ல. ஒரு கறுப்பின மருத்துவர் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கப் போக, 1962 டிசம்பரில் அட்லாண்டா நகர நிர்வாகம் பேட்டன் சாலையின் குறுக்கே தடுப்பு எழுப்பியது. நீதிமன்றம் சொல்லித்தான் மறுவருடம் மார்ச்சில் அதை அகற்றினார்கள். ஒருவர் வீடு வாங்குவதை ஊரே திரண்டு தடுத்த இடத்தில் ஒருவன் ஒரு பண்ணையையே வாங்குகிறான் என்றால், அந்த ஏலத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் அரங்கில் மூச்சு நிற்கும்.

ஏலத்தில் ஐந்தும் பத்தும்

எனக்குள் எதையோ புரட்டிப் போட்டது ஜானட் சுஸ்மன் எழுதிய ‘தி ஃப்ரீ ஸ்டேட்’. தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டன் மேடையில் பெயர் வாங்கிய நடிகை அவர். 1997-ல் பிரிட்டனில் மேடையேறிய இந்தத் தழுவலின் களம், 1994 தேர்தல் முடிந்து மண்டேலா பதவிக்கு வந்த சமயத்துத் தென்னாப்பிரிக்கா. ஃப்ரீ ஸ்டேட் என்பது அங்கே ஒரு மாகாணம். பண்ணைக் குடும்பம் வெள்ளையர். வாங்குகிறவர் கறுப்பினத் தொழிலதிபர்.

இதைப் படித்தபோது நான் அந்த நாட்டின் நிலச் சட்டங்களையும் கூடவே பார்த்துக்கொண்டு போனேன். அந்த மாகாணம் போயர்களின், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளையர்களின், குடியரசாக இருந்த காலத்திலேயே ஆப்பிரிக்கர்கள் அங்கே நிலம் வாங்க முடியாது. 1913-ல் வந்த நிலச் சட்டம் நாடு முழுவதிலும் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 7 சதவீத நிலம். 1936-ல் அதை ஏறத்தாழ 13 ஆக்கினார்கள். நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அவ்வளவுதான். அந்தச் சட்டங்களை நீக்கியது 1991-ல். கணக்கைப் பாருங்கள். தேர்தலுக்குப் பிந்தைய அந்த நாட்களில் ஏலத்துக்குப் போகிற இந்த லோபாகின், சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பண்ணையை வாங்கியிருந்தால் அது சட்டப்படி செல்லாது. கையில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் செல்லாது. ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-ல். நாடகம் வந்தது 1904-ல். அந்த நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியை சுஸ்மன் ஒரு கை அகலத்துக்குச் சுருக்கிவிட்டார்.

இதற்குப் பிறகு செகாவின் மூலத்துக்குத் திரும்பியபோது மூன்றாம் அங்கம் எனக்கு வேறு மாதிரிப் படித்தது. லோபாகின் ஏலத்தை விவரிப்பதைக் கவனியுங்கள். காயெவிடம் இருந்தது யாரோஸ்லாவ்ல் அத்தை அனுப்பிய பதினைந்தாயிரம் மட்டும். தெரிகானவ் என்ற பணக்காரர் எடுத்த எடுப்பிலேயே கடனுக்கு மேல் முப்பதாயிரம் கேட்கிறார். லோபாகின் நாற்பது. அவர் நாற்பத்தைந்து. இவன் ஐம்பத்தைந்து. அவர் ஐந்தைந்தாக ஏற்றுகிறார், நான் பத்துப் பத்தாக ஏற்றினேன் என்கிறான். கடைசியில் கடனுக்கு மேல் தொண்ணூறாயிரம். வியாபாரி எவனும் இப்படிக் கேட்க மாட்டான். ஐந்தில் முடிகிற இடத்தில் பத்து போடுவது லாபக் கணக்கு அல்ல. நிலத்தைக் கோடை வீடுகளுக்கு மனைபோட்டு, ஒரு தெசியாத்தினாவுக்கு (பழைய ருஷ்ய நில அளவு) ஆண்டுக்கு இருபத்தைந்து ரூபிள் வாடகை என்று முதல் அங்கத்திலேயே துல்லியமாகக் கணக்குப் போட்டுச் சொன்ன ஆள் இவன். அந்தக் கணக்கன் ஏல மண்டபத்தில் இல்லை. அங்கே பத்துப் பத்தாக ஏற்றியது சமையலறை வாசலில் நின்ற பாட்டனின் பேரன்.

அந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளும்கூட நாம் நினைக்கிற மாதிரி முடிந்துபோன கதை இல்லை. விடுதலை பெற்ற குடியானவர்கள் தங்களுக்குக் கிடைத்த நிலத்துக்கு நாற்பத்தொன்பது ஆண்டுத் தவணையில் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் 1861-ன் ஏற்பாடு. நிலப்பிரபுக்களுக்கு அரசு முன்கூட்டியே ஈடு கொடுத்துவிட்டது. அதைக் குடியானவர்களிடமிருந்து வட்டியோடு வசூலித்தது. அந்தத் தவணை ரத்தானது 1907-ல்தான். ஆக, மாஸ்கோவில் இந்த நாடகத்தின் முதல் காட்சி நடந்த இரவில், கிராமங்களில் முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரனேவ்ஸ்கயா வழிப்போக்கனுக்குத் தங்கக் காசைத் தூக்கிக் கொடுக்கும் காட்சியை இதை அறிந்துகொண்டு படிக்கும்போது அவளுடைய தாராளம் இனிக்கவில்லை. அவளை வெறுக்கவும் முடியவில்லை. பதினைந்து வயதில் அப்பன் குத்தி மூக்கில் ரத்தம் வழிய நின்ற லோபாகினை, இந்த வீட்டின் குழந்தைகள் அறைக்கு அழைத்து வந்து முகம் கழுவிவிட்டவள் அவள். அழாதேடா குட்டிக் குடியானவனே, கல்யாணத்துக்குள் ஆறிவிடும் என்று தேற்றியவள். அவன் அந்தக் கையை மறக்கவில்லை. பண்ணையை வாங்கி ஆர்ப்பரித்த அடுத்த நிமிடமே அவள் முன்னால் கண்ணீரோடு நின்று, ஏன் நான் சொன்னதைக் கேட்கவில்லை என்று கேட்கிறான்.

சாவி

அந்த மூத்தவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுவரை சுலபமாகத்தான் வந்தது. வாங்கியவன் யார் என்பது முக்கியம், தாத்தாவின் கணக்கு தீர்கிறது, வெற்றி. ஆனால் செகாவ் இந்த வெற்றியை அப்படியே கையில் கொடுத்து அனுப்புகிறவர் இல்லை. நான்காம் அங்கத்தில் அதைக் கசக்க வைக்கிறார், அதுவும் ஒரு சாவியை வைத்து.

ரனேவ்ஸ்கயாவின் வளர்ப்பு மகள் வார்யாதான் வீட்டுச் சாவிகளை இடுப்பில் வைத்திருப்பவள். லோபாகின் வாங்கிவிட்டான் என்று கேட்டதும் சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போகிறாள். அவன் எடுத்துக்கொள்கிறான், குலுக்கிப் பார்க்கிறான், இனி வீட்டு அதிகாரம் தனக்கு இல்லை என்று காட்டுகிறாள் என்கிறான். இதை எல்லோரும் கவனிப்பார்கள். மேடையில் அதைப் பெரிதாகச் செய்வார்கள். அடுத்த அங்கத்தின் முடிவில் எல்லோரும் புறப்படும்போது லோபாகின் கேட்கிறான்: எல்லோரும் வந்தாயிற்றா, உள்ளே யாரும் இல்லையே? சாமான்கள் இருக்கின்றன, பூட்ட வேண்டும் என்று பக்கவாட்டுக் கதவைப் பூட்டுகிறான். பிறகு மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் ஓசை, வண்டிகள் போகும் ஓசை. உள்ளே இருப்பவர் கிழட்டு வேலைக்காரர் ஃபிர்ஸ். வயது எண்பத்தேழு. மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று என்று ஒருவர் சொல்ல மற்றவர் நம்பிவிட்டார்கள். அந்த வீட்டில் பண்ணையடிமையாக வாழ்ந்த கடைசி மனிதரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறவர்களில் பண்ணையடிமையின் பேரனும் ஒருவன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் உள்ளே யாரும் இல்லையே என்று கேட்டவன் ஒரு எட்டு போய்ப் பார்க்கவில்லை.

ஃபிர்ஸ்தான் தழுவல் எழுதுகிறவர்களுக்குப் பெரிய சோதனை. அவர் விடுதலையைப் பேரிடர் என்கிறவர். அது வருவதற்கு முன்பும் ஆந்தை அலறியது, தேநீர் கொதிக்கும் சமோவார் ஓயாமல் முணுமுணுத்தது என்பார். விடுதலை வந்தபோது தலைமைப் பணியாளாக இருந்தேன், வேண்டாம் என்று எசமானர்களோடே இருந்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். இதை அப்படியே அட்லாண்டாவிலோ ஃப்ரீ ஸ்டேட்டிலோ ஒரு கறுப்பினக் கிழவரின் வாயில் வைத்தால், எசமான் மனம் குளிரப் பேசும் பழைய வேலைக்காரப் பாத்திரம் திரும்ப எழுந்து வந்துவிடும். வெட்டிவிட்டால் லோபாகினின் வெற்றி எதிரொலியே இல்லாமல் சுத்தமாகிவிடும். நடுவில் ஒரு வழி செகாவிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1861-ல் வயல் வேலை செய்த அடிமைகளுக்குத் தவணைக்காவது நிலம் கிடைத்தது. ஃபிர்ஸ் மாதிரி வீட்டு வேலை செய்தவர்களுக்கு ஒரு காணியும் இல்லை. வெறுங்கையோடு விடுதலை. நாற்பத்து நான்கு வயதில், தெரிந்த ஒரே தொழில் எசமானுக்குக் கோட்டு மாட்டிவிடுவது என்ற நிலையில், அவர் எங்கே போயிருப்பார்? விசுவாசம் என்று அவர் சொல்லிக்கொள்வதற்கு அடியில் போக்கிடமின்மை இருக்கிறது. அதை அவரே அறிய மாட்டார். நடிகர் அறிந்திருந்தால் போதும்.

அண்மைக் காலத் தயாரிப்புகளில் இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 2024-ல் பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் லண்டன் டான்மர் வேர்ஹவுஸில் செய்தபோது ஊரையே எடுத்துவிட்டார். கம்பளம் விரித்த களம், சுற்றிலும் பார்வையாளர்கள், அவர்களுக்கு நடுவே நடிகர்கள். லோபாகினாக அதீல் அக்தர். ஃபிர்ஸாக முதிய நடிகை ஜூன் வாட்சன். ஊர் இல்லாத மேடையில் லோபாகினின் தாத்தாவைச் சுமக்க வேண்டிய பாரம் முழுக்க நடிகரின் உடம்பில் விழுகிறது. நல்ல நடிகர் தூக்கிவிடுவார். ஆனாலும் எனக்கு ஊர் வேண்டும். அதே ஆண்டு சைமன் ஸ்டோன் சியோலில் கொரிய நடிகர்களோடு செய்ததில், நொடித்துக்கொண்டிருக்கும் தொழில் குடும்பத்தின் கார் ஓட்டுநருடைய மகன்தான் லோபாகின். கார் ஓட்டுநர் என்பது கூர்மையான தேர்வு. ஒரே வண்டிக்குள் தினமும் ஒன்றாகப் போனவர்கள், ஆனால் முன் இருக்கையும் பின் இருக்கையும் வேறு. சட்டம் எழுதி வைக்காத இந்தப் பிரிவினையை இன்றைய நகரத்துப் பார்வையாளர் சட்டென்று பிடித்துக்கொள்வார். அடிமை முறையின் கனம் இதில் வருமா என்றால், முழுதாக வராது. ஆனால் ‘யாராயிருந்தா என்ன’ என்று விட்டுவிடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

இந்த நாடகத்தை அடுத்து மேடையேற்றத் திட்டமிட்டிருக்கும் இளம் இயக்குநர் ஒருவர் போன வாரம் பேசினார். ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டுமாம். பக்கத்துப் பண்ணைக்காரர் பிஷ்சிக்கின் கடன் கதையை வெட்டலாம், வீட்டு ஆசிரியை ஷார்லோட்டாவின் வித்தைகளைக் குறைக்கலாம் என்று பட்டியல் வைத்திருந்தார். எதற்கும் நான் மறுப்பு சொல்லவில்லை. கடைசியில் கதவுகள் பூட்டப்படுவதை இருட்டில் வெறும் ஓசையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். பக்கவாட்டுக் கதவை மட்டும் வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், லோபாகின் கையாலேயே பூட்டட்டும் என்றேன். அப்படிச் செய்தால் மூன்றாம் அங்கத்தில் அவனுக்குக் கைதட்டியவர்கள் சங்கடப்படுவார்களே என்றார். படட்டும் என்றேன். ஒத்திகையில் செய்து பார்க்கிறேன், வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.